வர்த்தக உடன்படிக்கையும் ஊவாத் தோட்டங்களும்

துறைமுகத்தில் அறவிடப்படும் சுங்கத் தீர்வைக்கும், கடலிலிருந்து பல மைல் தொலைவில் மலைச்சரிவிலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று தோன்றலாம். ஆயினும் இலங்கையின் மலைநாட்டுத் தோட்ட வரலாற்றில் ஒரு தீர்வை மாற்றத்துக்கு முதன்மையான இடம் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்குப் பிரித்தானியா அளித்துவந்த தீர்வைச் சலுகை 1835ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பிக்கும் சமமாக்கப்பட்டது. அதன் பின்னரே மலைக்காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளர் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து கடல் கடந்தும் காட்டுவழி நடந்தும் வந்து சேர்ந்தனர். 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் கோப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஆக, இலண்டனில் எழுதப்பட்ட ஒரு தீர்வை விதி ஒரு மக்கட் கூட்டத்தின் தலைவிதியையே மாற்றிவிட்டது எனலாம்.

அவ்வாறு உருவான மலைப் பகுதிகளுள் ஊவா மாகாணமும் ஒன்று. அப்புத்தளையை அடுத்த தம்பேதென்னைத் தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கினார். 1924இல் புகையிரதப் பாதை பதுளை வரை நீண்டது. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தனி நறுமணம் ஊட்டுவதால், உலகச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பும் உண்டு. பேரகலைச் சந்தியிலிருந்து கிழக்கே இறங்கும் வீதி கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயச் சமவெளியை அடைகிறது. அந்தக் கொஸ்லந்தைப் பகுதி மலைச்சரிவில் அமைந்த தோட்டப் பிரிவே மீரியபெத்த.

இன்று இம்மலைகளைத் தொட்டு நிற்கும் தீர்வை விவகாரம் இந்தியாவுடனான தடையற்ற வர்த்தகம் பற்றியது. கால் நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றுவரும் இவ்வாதத்தில் மிக உறுதியான எதிர்ப்புக் குரல் எழுப்பிய கட்சிகளுள் மக்கள் விடுதலை முன்னணி முதன்மையானது. அதே முன்னணி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி 2024ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. எதிர்த்தவர்களே பேச்சுவார்த்தை மேசையில் அமரும் நிலை ஏற்பட்டுள்ளது. இம்முன்னணி எதை எதிர்த்தது, ஏன் எதிர்த்தது, அதன் நோக்கு எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தால் தோட்டத்து மக்களுக்கு விளைவது யாது என்பன ஆராயத்தக்கன.

முதலில் உடன்படிக்கை என்பது யாதெனப் பார்ப்போம். தடையற்ற வர்த்தகம் என்னும் சொல் சற்று மயக்கம் தருவது. எல்லாப் பண்டங்களும் தீர்வையின்றி வந்து போகும் என்பது அதன் பொருளன்று. இரு நாடுகளும் தத்தம் பண்டங்களைப் பட்டியல்களாக வகுத்துக்கொள்கின்றன. ஒரு பட்டியலில் உள்ளவற்றுக்குத் தீர்வை உடனே நீங்கும். மற்றொன்றில் உள்ளவற்றுக்குப் படிப்படியாகக் குறையும். மூன்றாவதான விலக்குப் பட்டியலில் உள்ளவற்றுக்குச் சலுகை ஏதும் இராது. உடன்படிக்கையின் உண்மையான உள்ளடக்கம் அதன் முகவுரையில் இல்லை, இப்பட்டியல்களிலேதான் இருக்கிறது.

இலங்கை-இந்திய தடையற்ற வர்த்தக உடன்படிக்கையில் 1998 டிசம்பர் 28ஆம் நாள் புதுடில்லியில் சனாதிபதி சந்திரிக்கா பண்டாரநாயக்க குமாரதுங்கவும் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாயியும் கையொப்பமிட்டனர். 2000 மார்ச் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. சிறிய நாடாகிய இலங்கைக்குக் கூடுதலான பாதுகாப்பு அளிக்கப்பட்டது. இந்தியா தன் விலக்குப் பட்டியலில் 429 இனங்களைச் சேர்க்க, இலங்கை 1,180 இனங்களைச் சேர்த்துக்கொண்டது. இந்தியா 2003இலேயே தன் தீர்வைக் குறைப்பை நிறைவு செய்தது. இலங்கைக்கோ 2008 வரை தவணை கிடைத்தது.

தேயிலைக்கு இவ்வுடன்படிக்கையில் தனி இடம் உண்டு. இந்தியா சாதாரணமாக அயல்நாட்டுத் தேயிலைக்கு நூற்றுக்கு 100 வீதத் தீர்வை விதிப்பது. இலங்கைத் தேயிலையில் ஆண்டுக்கு 1 கோடியே 50 இலட்சம் கிலோகிராம் வரை அத்தீர்வை 7.5 வீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் தொடக்கத்தில் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாக மட்டுமே அத்தேயிலை இறக்கப்படலாம் என்ற நிபந்தனை இருந்தது. பின்னரே அது தளர்த்தப்பட்டது. இலங்கை ஆண்டுதோறும் ஏறத்தாழ 25 கோடி கிலோகிராம் தேயிலை உற்பத்தி செய்கிறது. இந்தியாவோ 130 கோடி கிலோகிராமுக்கும் மேல் உற்பத்தி செய்து, அதில் பெரும்பகுதியைத் தானே அருந்தி முடிக்கிறது. அத்தகைய சந்தையில் திறக்கப்பட்ட இச்சிறு வாயில்கூட முழுமையாகப் பயன்படவில்லை. தன் வீட்டிலேயே மலிவான தேயிலை நிறைந்த நாட்டில், விலை மிகுந்த மலைத் தேயிலைக்கு வாங்குவோர் எளிதில் கிடைப்பதில்லை.

இவ்வுடன்படிக்கையைக் கண்டு அஞ்சியவர் இலங்கையில் மட்டும் இருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பாக்கு நீரிணையின் மறுபுறத்தில், தென்னிந்தியத் தோட்ட உரிமையாளரும் நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளும் இலங்கைத் தேயிலை வந்து தங்கள் விலையைக் கெடுத்துவிடும் என்று எதிர்த்தனர். கேரளத்து மிளகு விவசாயிகள் இலங்கை மிளகைக் குறித்து அவ்வாறே முறையிட்டனர். இதில் மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. 1964 அக்டோபர் 30ஆம் நாள் செய்துகொள்ளப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தே வேலை கொடுத்தது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் அதற்கென்றே உருவானது. ஆகவே, ஒரே குலத்தின் ஒரு கிளை ஊவாவிலும் மறு கிளை கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து பறிக்க, அவர்கள் பறித்த கொழுந்துகள் சந்தையில் ஒன்றுக்கொன்று போட்டியாக நின்றன. நாடுகளின் பெயரால் பேசப்படும் நன்மை தீமைகள் மக்களின் உறவுக் கோடுகளோடு எப்போதும் பொருந்தி வருவதில்லை.

தேயிலைக்கு வெளியே சில விசித்திரமான விளைவுகளும் நேர்ந்தன. சலுகை பெறவேண்டுமானால் பண்டத்தின் பெறுமதியில் குறைந்தது 35 வீதம் ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. இந்திய மூலப்பொருள் கலந்திருப்பின் இவ்வளவு 25 வீதமாகத் தளர்த்தப்படும். இவ்விதியைப் பயன்படுத்திச் சிலர் தென்கிழக்காசியாவிலிருந்து பாமெண்ணெயைத் தருவித்து, இலங்கையில் வனஸ்பதியாக மாற்றி, இந்தியாவுக்கு அனுப்பினர். செம்புப் பண்டங்களும் அவ்வாறே சென்றன. ஏற்றுமதித் தொகை வேகமாக உயர்ந்தது. ஆனால் இந்தியா வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 தொன் என எல்லை வகுத்ததும் அவ்வியாபாரம் சரிந்தது. தொகை உயர்ந்தமையைக் காட்டி உடன்படிக்கையைப் புகழ்ந்தவரும் உண்டு. அது சரிந்தமையைக் காட்டி இகழ்ந்தவரும் உண்டு. இரு சாராரும் எளிதில் மறந்தது, அவ்வியாபாரத்தால் நாட்டில் நிலைத்த தொழில் எவ்வளவு வளர்ந்தது என்னும் கேள்வியையே.

இனி மக்கள் விடுதலை முன்னணியின் நிலைப்பாட்டுக்கு வருவோம். 1965ஆம் ஆண்டில் றோகண விஜேவீர இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தார். கட்சியில் சேர வந்த இளைஞர்களுக்கு ஐந்து வகுப்புகள் நடத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. இந்திய முதலாளித்துவம் தன் சந்தையை அயல்நாடுகளிலே பரப்ப முயல்கிறது, இலங்கை அதன் வாயில் அகப்படும் என்பது அவ்வகுப்பின் சாரம். அதுவரையில் அது பொருளாதார வாதமே. ஆனால் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் அவ்விஸ்தரிப்பின் கருவியாகப் பயன்படக்கூடியவர் என்ற கருத்தும் அதனுடன் பிணைக்கப்பட்டது. அந்நாட்களில் அத்தொழிலாளரின் நிலை யாது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களிடம் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 10 ஆண்டுகளின் பின் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஓரறை லயத்தில் வாழ்ந்து, எந்த நாடும் தன்னவரென ஏற்காத ஒரு கூட்டத்தைப் பேரரசொன்றின் முன்னணிப் படை எனக் கருதியது அக்கால அரசியலின் பெரும் முரண்பாடு.

1971 ஏப்ரல் 5ஆம் நாள் அதிகாலையில் அம்முன்னணியின் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியது. முதல் தாக்குதல் நிகழ்ந்த இடம் வெல்லவாயப் பொலிஸ் நிலையம். மீரியபெத்தவின் அடிவாரத்து வீதி சென்று முடியும் ஊர் அதுவே. சமவெளியின் சிங்கள விவசாயிகளின் பிள்ளைகளும் மலையின் தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளும் வறுமையால் ஒத்திருந்தும், இவ்விரு சாராரும் அன்று ஓரணியில் நிற்கவில்லை. 1987 ஜூலை 29ஆம் நாள் இலங்கை-இந்திய ஒப்பந்தம் கையெழுத்தானபோது முன்னணியின் எதிர்ப்பு மீண்டும் ஆயுதமேந்தியது. இந்தியப் பண்டங்களை விற்கவும் வாங்கவும் கூடாது என்ற கட்டளைகள் அக்காலத்திலே பரவின. இரு கிளர்ச்சிகளும் அடக்கப்பட்டதில் பல்லாயிரம் உயிர்கள் மாண்டன.

பின்னர் 1994 முதல் பாராளுமன்ற வழியில் நின்ற முன்னணியின் வாதங்கள் படிப்படியாக வேறு வடிவம் கொண்டன. தடையற்ற வர்த்தக உடன்படிக்கையைச் சேவைகள், முதலீடு ஆகியவற்றுக்கும் விரிக்கும் பரந்த பொருளாதாரப் பங்காளி உடன்படிக்கை ஒன்று வரையப்பட்டது. 2008ஆம் ஆண்டு கொழும்பில் சார்க் மாநாடு நடைபெற்ற வேளையில் அது கையெழுத்தாகும் என எதிர்பார்க்கப்பட்டும் கைகூடவில்லை. அதன் வழிவந்ததே 2015-16இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க முன்வைத்த பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை. சிங்கப்பூருடன் 2018 சனவரியில் செய்யப்பட்ட தடையற்ற வர்த்தக உடன்படிக்கையையும் முன்னணி எதிர்த்தது. ஆகவே எதிர்ப்பு இந்தியாவுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

முன்னணியும் அதனுடன் நின்ற தொழில்வல்லுநர் சங்கங்களும் கூறிய காரணங்களை மூன்றாகத் தொகுக்கலாம். ஒன்று: நாட்டுக்கெனத் தெளிவான வர்த்தகக் கொள்கை வகுக்கப்படாமல் பெரிய அயலாருடன் ஒப்பந்தம் செய்வது, அளவுகோல் இல்லாமல் துணி வெட்டுவதற்கு ஒப்பாகும் என்பது. இரண்டு: சேவைத்துறை திறக்கப்படின் குறைந்த ஊதியத்துக்கு வரும் இந்தியத் தொழில்வல்லுநரால் உள்ளூர் இளைஞர் வேலை இழப்பர் என்பது. மூன்று: தீர்வை குறைந்தாலும் தரப் பரிசோதனை, துறைமுகக் கட்டுப்பாடு, மாநிலங்களின் வரி முதலிய மறைமுகத் தடைகள் இலங்கைப் பண்டத்தை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன என்பது. இவற்றுள் மூன்றாவதன் உண்மையைத் தேயிலையின் அனுபவமே காட்டும். முதலாவதையும் எவரும் எளிதில் மறுக்க இயலாது; அரசு புதிய வர்த்தகக் கொள்கையை வகுத்தது 2017இலேதான். இரண்டாவதற்கு அன்றைய அரசு, தொழிலாளர் வருகை கட்டற்று அனுமதிக்கப்படமாட்டாது என விடை கூறியது. எதிர்த்தவர்கள் அதனை நம்பவில்லை.

எதிர்த்தரப்பின் வாதமும் வலியற்றதன்று. இரண்டேகால் கோடிக்கும் குறைவான மக்களைக் கொண்ட தீவு தன் சந்தையை மட்டும் நம்பித் தொழில் வளர்க்க இயலாது. இந்தியாவுக்குச் செல்லும் இலங்கை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி உடன்படிக்கைச் சலுகையின் கீழேயே செல்கிறது. இந்தியாவிலிருந்து வரும் இறக்குமதியிலோ சிறு பங்கே சலுகை பெறுகிறது. எரிபொருள், வாகனம் போன்ற பெரும் இறக்குமதிகள் உடன்படிக்கை இல்லாவிடினும் வரவே செய்யும். எனவே இந்தியப் பண்டங்களின் பெருக்கத்துக்கு உடன்படிக்கையைக் குறைகூறுவது பொருந்தாது என்பர்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வாதத்தின் நிலைக்களத்தையே மாற்றியது. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவில் கடனும் உதவியும் அளித்தது. 2024 பெப்ரவரியில் முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க இந்திய அரசின் அழைப்பின் பேரில் புதுடில்லி சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் சனாதிபதியாகத் தெரிவானார். தமது முதல் வெளிநாட்டுப் பயணமாக டிசம்பரில் மீண்டும் அங்கே சென்றபோது வெளியிடப்பட்ட கூட்டறிக்கை, பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை பற்றிய பேச்சுகளைத் தொடர்வதென உரைத்தது. பேச்சைத் தொடர்வதாகக் கூறுவது கையொப்பமிட உறுதி தருவதன்று. ஆயினும் கதவை அடைக்கவேண்டும் என்ற நிலையிலிருந்து, கதவை எவ்வளவு திறப்பது என்று ஆராயும் நிலைக்கு ஒரு கட்சி நகர்ந்தமையை அது காட்டுகிறது. முன்னாள் ஆதரவாளர் சிலர் இதனைக் கொள்கைத் துரோகம் என்பர். வேறு சிலர் பொறுப்பு கற்பித்த பாடம் என்பர்.

தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை இம்மாற்றத்துக்கு இன்னொரு முகம் உண்டு. 2003ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட சட்டத்தால் இந்திய வம்சாவளியினரின் நாடற்ற நிலைக்கு வழிமுறையாக ஒரு முடிவு ஏற்பட்டது. 2024 நவம்பரில் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் பதுளை மாவட்டத்தின் 9 இடங்களில் 6 இடங்களைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. அவ்வாறு தெரிவானவர்களுள் மலையகத் தமிழரான கிட்ணன் செல்வராசும், அம்பிகா சாமுவேல் என்னும் பெண்மணியும் அடங்குவர். மலையகத் தமிழ்ப் பெண்கள் வாக்களிப்பின் மூலம் பாராளுமன்றம் சென்றது அத்தேர்தலிலேதான். பெருந்தோட்டத்துறை அமைச்சராக அப்போது பதவியேற்ற சமந்த வித்தியாரத்னவும் பதுளை மாவட்ட உறுப்பினரே. ஒரு காலத்தில் எவரை அயலாரின் கருவி என வகுப்பில் பாடம் நடத்தினரோ, அவர்தம் பேரப் பிள்ளைகளே அக்கட்சியின் பெயரால் சட்டமியற்றும் அவையில் அமர்ந்துள்ளனர். இந்திய வர்த்தகத்தை ஐயத்தோடு நோக்குவதற்கும் இந்திய வம்சாவளித் தொழிலாளரை ஐயத்தோடு நோக்குவதற்கும் இடையே இருந்த முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. இம்முடிச்சு அவிழ்ந்ததால்தான், வர்த்தக உடன்படிக்கையை அதன் தகுதி கொண்டே நிறுத்துப் பார்க்க இயலுகிறது.

அவ்வாறு நிறுத்துப் பார்க்கும்போது மீரியபெத்த முன்வந்து நிற்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில், தொடர்மழையின் பின் மலைச்சரிவு இடிந்து அத்தோட்டத்து லயன்களை மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் பிழைத்தனர். வீட்டிலிருந்த பெற்றோர் புதையுண்டனர். சிலரின் உடல்கள் மீட்கப்படவே இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. போவதற்குச் சொந்த நிலமில்லாத மக்களுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? இரண்டு ஆண்டுகளின் பின்னரே 75 வீடுகள் மக்கல்தெனியவில் கட்டி அளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் திட்வாச் சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் பல இடங்களில் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயின.

மீரியபெத்தவில் மண்ணுள் மறைந்தவர்கள் பறித்த கொழுந்து, 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையின் காலத்திலேயே சந்தைக்குச் சென்றது. தேயிலைக்கு 7.5 வீதம் என எழுதிய அவ்வுடன்படிக்கையில், அத்தேயிலையைப் பறித்தவரின் கூரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வர்த்தக உடன்படிக்கைகள் பண்டங்களைப் பட்டியலிடுகின்றன. பண்டம் செய்தவரைப் பட்டியலிடுவதில்லை. அதைச் செய்யவேண்டியது உள்நாட்டுச் சட்டமும் கூலிக் கொள்கையும் நிலச் சீர்திருத்தமுமே.

இனி வரக்கூடிய பேச்சுகளிலே ஊவாத் தோட்டங்களைத் தொடும் கேள்விகள் சில உள. தேயிலைக்கான அளவெல்லை உயர்த்தப்படுமா, மறைமுகத் தடைகள் நீங்குமா என்பது முதற் கேள்வி. அயல்நாட்டுத் தேயிலையைத் தருவித்து இலங்கையில் கலந்து மறு ஏற்றுமதி செய்ய இடமளிப்பதா என்பது அடுத்தது. கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளர் பலர் அதனை விரும்புகின்றனர். அதனால் புதிய சந்தைகளும் புதிய தொழில்களும் உண்டாகும் என்பது அவர்கள் கூற்று. மலிந்த தேயிலை கலந்தால் இலங்கைத் தேயிலையின் பெயர் கெடும், கொழுந்தின் விலையும் வீழும் எனத் தோட்டக்காரர் அஞ்சுகின்றனர். தனி நறுமணத்தையே மூலதனமாகக் கொண்ட ஊவாவுக்கு இவ்வச்சம் மிகப் பொருத்தமானது. மூன்றாவது கேள்வி கூலி பற்றியது. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படை 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தி, வரவுக் கொடுப்பனவாக அரசின் 200 ரூபாவையும் சேர்க்க முன்மொழிந்தது. ஏற்றுமதியால் வருமானம் பெருகுமாயின் அதில் எப்பங்கு கூலியாக இறங்கும், எப்பங்கு பாதுகாப்பான நிலத்தில் வீடாக எழும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் அரசே உடன்படிக்கையால் மக்களுக்கு நன்மை விளைந்தது என்று கூற உரிமை பெறும்.

எதிர்க்கட்சியாய் இருந்த நாளில் மக்கள் விடுதலை முன்னணி ஆட்சியாளரிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: இவ்வொப்பந்தத்தால் பயன்பெறுவோர் யார்? அக்கேள்வி அன்றும் நியாயமானது, இன்றும் நியாயமானது. இன்று அதற்கு விடை கூறவேண்டிய இடத்தில் அக்கட்சியே இருக்கிறது. அவ்விடையின் உண்மையை, சரியும் மலைகளின் கீழ் இன்னும் லயங்களிலே உறங்கும் குடும்பங்கள் அளந்து பார்க்கும்.